இன்னும் கொஞ்ச தூரம்தான்

மலைமேல் இருக்கும் கோயிலுக்கு நடந்து சென்றவர்கள் எல்லாரும் கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு. ஏறுகிறவர் மூச்சு வாங்க ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் கெஞ்சுகிறது. மேலேயிருந்து, நெற்றியில் திருநீறும் தோளில் துண்டுமாக ஒருவர் இறங்கி வருகிறார். "ஐயா, கோயில் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இவர் கேட்கிறார். "இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போகிறார். சதுரகிரியில் ஏறினாலும் இதே பதில்தான். வெள்ளியங்கிரியிலும் இதே பதில்தான். சபரிமலைக்கு எருமேலியிலிருந்து பெருவழியில் நடந்து, அழுதை மேட்டில் தவித்து நிற்கும்போதும் இதே பதில்தான். அரை மணி நேரம் நடந்துவிட்டு இன்னொருவரைக் கேட்டால் அவரும் அதையே சொல்லுவார். தூரம் குறைந்ததாகத் தெரியாது; பதில் மட்டும் மாறவே மாறாது.

இப்படிச் சொல்லுகிறவர்களில் ஒருவராவது கெட்ட எண்ணத்தோடு சொல்லுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் சற்று முன்பு இதே கல்லில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டவர்தாம். அவருக்கு யாரோ சொன்ன ஆறுதலை இவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார். வாங்கிய கடனை வேறொருவருக்கு அடைக்கும் வியாபாரம் இது. ஆனாலும், உள்ளதை உள்ளபடி பார்த்தால் இது பொய். கோயிலுக்கு இன்னும் மூன்று மைல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே "கொஞ்ச தூரம்" என்று சொன்னால் அதற்குப் பொய் என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

இந்தப் பொய்யைச் சொல்லலாமா, கூடாதா? சிறிய கேள்விதான். ஆனால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தால் அவ்வளவு சிறியதாக இல்லை.

ஜெர்மானிய தத்துவ ஞானி கான்ட்டிடம் கேட்டால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் "கூடாது" என்று சொல்லிவிடுவார். 1797-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றித்தான். கொலைகாரன் ஒருவன் வந்து, "உன் நண்பன் உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. நம்மால் தாங்க முடியாத கட்சி. நம் வள்ளுவர் இவ்வளவு கடுமை காட்டவில்லை. பிறருக்குச் சிறிதும் தீமை தராத சொல்தான் வாய்மை என்று இலக்கணம் வகுத்துவிட்டு, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் உட்காரலாம் என்று ஒரு வழியும் திறந்து வைத்தார்.

மலைப்பாதையில் சொல்லும் பொய்க்கு இந்த வழி தாராளமாகப் போதும் என்று வெகுநாள் நான் நினைத்திருந்தேன். நடை தளர்ந்தவனுக்கு அந்த வார்த்தை ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி. அவன் எழுந்து நடக்கிறான், கோயிலுக்குப் போய்ச் சேருகிறான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வள்ளுவர் திறந்தது வாசல்தானே தவிர, வாசற்படியில் ஒரு காவற்காரனையும் நிறுத்தியிருக்கிறார். 'குற்றமற்ற' என்ற நிபந்தனைதான் அந்தக் காவற்காரன். நன்மை குற்றமற்றதுதானா என்று பார்க்காமல் அவன் யாரையும் உள்ளே விடுவதில்லை. கோடை காலத்தில், உலர்ந்த பாதையில், பகல் வெளிச்சத்தில் அவன் சிரித்துக்கொண்டே வழிவிட்டுவிடுவான். கார்த்திகை மாதத்தில் விடுவானா என்பதுதான் கேள்வி.

திண்டுக்கல் சீமையில், ராஜமய்யர் பிறந்த வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் சேவுகம்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. தை மாதத் தொடக்கத்தில் அங்கே பெருமாள் கோயிலில் வாழைப்பழங்களைச் சூறை விடும் திருவிழாவைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கூடை கூடையாகப் பழங்களை வானத்தை நோக்கி வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். ஊர் இருப்பது சமவெளியில்தான். ஆனால் எந்தத் தெருவில் நின்று மேற்கே திரும்பினாலும் கொடைக்கானல் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். அந்தப் பக்கத்து மக்களுக்கு மலை என்பது வேடிக்கை பார்க்கும் பொருள் அன்று. அக்காள் வீடு மலையில் இருக்கும். காப்பித் தோட்டத்துக் கூலி மலையிலிருந்து வரும். வாழைத்தாரும் மலையிலிருந்து வரும்.

கார்த்திகையில் அந்த ஊரில் நின்று மலையைப் பார்ப்பது ஓர் இன்பம். பல நாள் மேகத்துக்குள் மறைந்து கிடந்த மலை, மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் கழுவித் துடைத்தாற்போல் வெளியே வரும். அதன் மேனியெங்கும் வெள்ளைக் கோடுகள் தெரியும். அவ்வளவும் தண்ணீர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் சாலையில் பயணம் செய்தவர்கள், எலிவால் அருவி என்று பெயர் பெற்ற தலையாற்று அருவி அந்தப் பருவத்தில் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்த்திருப்பார்கள். சமவெளிக்காரனுக்கு இது இதமான காலம். வெயில் இல்லை, புழுக்கம் இல்லை. 'நடப்பதற்கு ஏற்ற பருவம்' என்று அவன் கால்கள் துறுதுறுக்கும்.

ஆனால் அதே நாட்களில் மலைக்குள் நடப்பது வேறு. அங்கே இரண்டு பருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஐப்பசியில் தொடங்கிய வடகிழக்குப் பருவ மழை இன்னும் முழுதாக முடியவில்லை. மார்கழியின் பனியோ முன்கூட்டியே வந்து எட்டிப் பார்க்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சேவுகம்பட்டிப் பக்கத்துச் சமவெளி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டர். கீழே விடியற்காலையில் 20 டிகிரி இருந்தால் மேலே எட்டு டிகிரிதான் இருக்கும். வானம் மேகமில்லாமல் இருக்கும் இரவில் அதுவும் இல்லை. மேகம் என்ற போர்வை இல்லாததால் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளங்களில் தேங்கி நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலின் தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி படர்ந்து விடியும்போது உப்பைத் தூவியதுபோல் தெரிவது இதனால்தான்.

பாதையின் கதியோ இன்னும் மோசம். பாறைகளில் பாசி பிடித்திருக்கும். ஈரச் சருகு குழியை மூடியிருக்கும். காலில் அட்டை ஏறும். காலையில் பளிச்சென்று இருந்த பாதையில் பகலுக்கு மேல் பஞ்சுப்பொதிபோல் மூடுபனி வந்து நிற்கும். பள்ளத்தாக்கின் காற்று வெயிலில் சூடாகி மேலே ஏறி, ஏறியதும் குளிர்ந்து மேகமாகிவிடுகிறது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. சேவுகம்பட்டியைப் பார்த்த பக்கம் மலையின் கிழக்குச் சரிவு. ஊரில் ஆறு மணிக்குத்தான் பொழுது சாய்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஏறுகிறவன் ஏமாந்துபோவான். கதிரவன் வெகு முன்னாலேயே மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விடுவான். காட்டுக்குள் மாலை நேரம் என்பதே கிடையாது. பிற்பகலுக்குப் பிறகு நேரே இருட்டுத்தான்.

ஓடைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மலை ஓடையில் இறங்கும்போது தலைக்குமேல் இருக்கும் வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஒரு மணி நேரத்துக்கு முன் கொட்டிய மழை இப்போதுதான் இங்கே வந்து சேரும். கணுக்கால் நனைய இறங்கியவன் மறுகரை ஏறுவதற்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிடும். அதனால்தான் மலைநாட்டார் ஓடையின் நிறத்தைப் பார்ப்பார்கள், ஓசையைக் கேட்பார்கள். தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தால் இறங்கமாட்டார்கள்.

இப்போது நம்முடைய பழைய வாக்கியத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான், பாதை நன்றாகத்தான் இருக்கிறது." கோடையில் ஒரு வாய்த் தண்ணீராக இருந்த சொல் இங்கே என்ன ஆகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகைக் கடைசியில், உறவினர் வீட்டுக்காக நான் சேவுகம்பட்டியில் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலை மருதாநதிப் பக்கம் மலையடிவாரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, மலையிலிருந்து பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். சாலை இல்லாத மலைக்கிராமங்களிலிருந்து வாழைத்தாரும் காப்பிக்கொட்டை மூட்டையும் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு வந்து சமவெளியில் சேர்ப்பது அவருடைய பழைய தொழில். மகளை மேலே கட்டிக்கொடுத்திருக்கிறார், பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பஸ் இருக்கும்போது ஏன் நடந்து வருகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டதற்கு, "பஸ்ஸிலே ஏறினா வயித்தைப் புரட்டுது" என்றார்.

அதே நேரத்தில் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தோழன் வீட்டுக்குப் போகிறவர்கள். பஸ்ஸை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுவது என்று தீர்மானித்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் பெரியவரைப் பார்த்து, "தாத்தா, மேலே பாதை எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. "எதுவரைக்கும் போறீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னார்கள். அவர்களுடைய கால் செருப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"முதல் மேடு வரைக்கும் நல்லாருக்கு. அதுக்கு மேலே புளியமரம் தாண்டினா பாறை வழுக்குது; நானே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். ஓடையிலே நான் வர்றப்போ முழங்காலுக்கு மேலே தண்ணி. அது கருக்கல்லே. இப்போ எம்புட்டுன்னு எனக்குத் தெரியாது. ராத்திரி மேலே மழை இருந்துச்சு. ஓடைக்கு அந்தாண்டை கிழக்காலே ஒரு வழி பிரியுது, அந்தப் பக்கம் நான் வரலை. அதைப் பத்தி எனக்குத் தெரியாது."

"அப்போ போக வேண்டாங்கிறீங்களா?" என்றான் பையன்.

"நான் அப்படிச் சொல்லலையே தம்பி. பார்த்ததைச் சொன்னேன்."

மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவன் போகலாம் என்றான், இருவர் தயங்கினார்கள். கடைசியில் பஸ்ஸிலேயே போனார்கள்.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இங்கே எழுதியிருக்கமாட்டேன். இரண்டு நாளைக்குப் பிறகு அதே மாணவர்களைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அன்று பகலில் தோட்டத்து ஆட்கள் இருவர் அதே பாதையில் சுகமாக ஏறி வந்தார்களாம். ஓடையில் தண்ணீர் வடிந்து கணுக்கால் அளவுக்கு வந்திருந்ததாம். "தாத்தா எங்களை வீணாகப் பயமுறுத்திவிட்டார் சார்" என்றான், போகலாம் என்று சொன்ன பையன். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. வாழ்க்கையில் ஒரு நல்ல காலை நேரத்தை இழந்துவிட்டான் அல்லவா?

பெரியவர் சொன்னது தவறாகிவிட்டதா?

நான் அப்படி நினைக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யாகவில்லை. கருக்கலில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே இருந்தது; அது மெய். பகலில் எவ்வளவு இருக்கும் என்று தமக்குத் தெரியாது என்றார், அதுவும் மெய். பிற்பகலில் தண்ணீர் வடிந்ததும் மெய். மேலே இன்னொரு மழை பெய்து, அது இடுப்பளவாக ஏறியிருந்தாலும் அவர் சொன்னது மெய்யாகவே இருந்திருக்கும். ஒருவன் சொன்ன செய்தி உண்மையா என்பதைப் பின்னால் நடந்த பலனை வைத்து அளக்க முடியாது. சொன்ன நேரத்தில் அவன் கண்டது என்ன, காணாதது என்ன, இரண்டையும் பிரித்துச் சொன்னானா என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். பலனை வைத்து அளந்தால், "பாதை நன்றாக இருக்கிறது, போங்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவன்தான் அன்றைக்கு உண்மை பேசியவனாக ஆகியிருப்பான்!

மலையின் நிலைமையைச் சொல்லுவதில் மற்ற உண்மைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. இரண்டும் இரண்டும் நான்கு என்பது நேற்றும் உண்மை, நாளையும் உண்மை. ஓடையில் முழங்கால் தண்ணீர் என்பது இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் உண்மை. ஆகவே, நேரத்தைச் சேர்த்துச் சொல்லாதவன் பொய் சொல்லாமலே பொய்யனாகிவிடுகிறான். "ஓடையில் தண்ணீர் இல்லை" என்று காலையில் கண்டதை மாலையில் சொல்லுகிறவன் மனமறிந்து யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் கேட்டவன் நம்பி இறங்குவது காலையின் ஓடையில் அன்று, மாலையின் ஓடையில்.

மகாபாரதத்தில் தருமபுத்திரர் சொன்ன ஒரு சொல்லை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அசுவத்தாமன் என்ற யானை செத்தது உண்மைதான். யானை என்ற சொல்லைத் துரோணர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார். சொன்னது முழுவதும் மெய். கேட்டது முழுவதும் பொய். பூமியில் படாமல் நான்கு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர் அந்தக் கணத்தில் தரையில் இறங்கிவிட்டது என்று கதை சொல்லுகிறது. வியாசர் அவரைப் பொய்யர் பட்டியலில் சேர்க்கவில்லை. மற்ற மனிதர்களோடு சேர்த்துத் தரையில் நடக்கவிட்டார். 'யானை' என்ற சொல்லை விழுங்குவதும் 'நான் பார்த்தது விடியற்காலையில்' என்ற சொல்லை விழுங்குவதும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை.

நாம் ஏன் விழுங்குகிறோம்? எல்லா நேரமும் இரக்கத்தால் அன்று. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு அது ஒரு குறைவாகப் படுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்த பெருமையோடு, எல்லாம் தெரிந்தவன் என்ற பெருமையும் கூடவே இறங்கி வருகிறது. சிலர் நேர்மாறாகச் செய்வதும் உண்டு. சாதாரண வழுக்கலைப் பாதாளமாக்கி, கணுக்கால் தண்ணீரைக் கழுத்தளவாக்கி, கேட்கிறவனை நடுங்க வைப்பார்கள். பாதை எவ்வளவு பயங்கரமோ அவ்வளவுக்குத் தங்கள் வீரம் உயரும் என்பது கணக்கு. ஆறுதல் பொய்யும் அச்சப் பொய்யும் எதிரெதிர் திசையில் போவதுபோல் தெரிந்தாலும், கேட்டவனிடமிருந்து இரண்டும் ஒன்றையே பறித்துக்கொள்கின்றன. போவதா, திரும்புவதா என்று அவனே முடிவு செய்யும் உரிமைதான் அது.

தூரத்தைப் பற்றிய பொய்க்கும் பாதையைப் பற்றிய பொய்க்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "கொஞ்ச தூரம்தான்" என்று கேட்டவன் ஒரு மைல் நடந்ததும், 'அப்படி இல்லை' என்று தெரிந்துகொள்வான். சிரித்துக்கொண்டோ சபித்துக்கொண்டோ திரும்பியும் விடலாம். அந்தப் பொய் அவன் கையிலேயே அவிழ்ந்துவிடுகிறது. ஓடையைப் பற்றிய பொய் அவிழும்போது அவன் ஓடையின் நடுவில் நிற்கிறான். திரும்ப முடிகிற இடத்தில் வெளுத்துப்போகும் பொய்யை வள்ளுவரின் காவற்காரன் மன்னித்துவிடலாம். திரும்ப முடியாத இடத்தில் வெளுக்கும் பொய்யை அவன் மன்னிக்கமாட்டான். அழுதை மேட்டில் சொல்லும் "கொஞ்ச தூரம்தான்" என்பதும்கூட, இருட்டும் நேரத்தில், ஒரு வயோதிகரிடத்தில் சொல்லும்போது இரண்டாவது வகையில் போய்ச் சேர்ந்துவிடும்.

இதெல்லாம் வெறும் தர்க்கம் என்று வாசகர் நினைக்க வேண்டாம். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலை ஓடைகளில் திடீரென்று பெருகிய வெள்ளம் பக்தர்கள் சிலரை அடித்துக்கொண்டு போய்விட்டது. கோடைகாலத்திலேயே காட்டாறு அப்படிச் செய்யுமானால் கார்த்திகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அது வெள்ளமல்ல, நெருப்பு, பருவமும் வேறு. ஆனால் மலையின் அன்றைய நிலைமை நடக்கிறவர்களுக்குச் சரியான நேரத்தில் எட்ட வேண்டும் என்ற விஷயம் ஒன்றேதான். அந்த ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று விதிகளை வகுத்தது. சதுரகிரியில் மழை என்றால் ஏறத் தடை விதிக்கிறார்கள். சபரிமலைப் பெருவழியில் இந்த நேரத்துக்குமேல் இந்த இடத்தைத் தாண்டக் கூடாது என்று வனத்துறையார் வரையறை வைக்கிறார்கள்.

தடை தேவைதான். ஆயிரக்கணக்கானோர் ஏறும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தடைப் பலகையின் முன்னால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறோம். 'செல்லாதே' என்று மட்டும் எழுதிய பலகையைப் பார்த்தால், 'ஏன்?' என்ற கேள்வி பிறக்கிறது. பதில் இல்லாதபோது, 'நமக்கில்லை, மற்றவர்களுக்கு' என்ற சமாதானமும் பிறக்கிறது. 'சாமி பார்த்துக்கொள்வார்' என்று சிலர் போகிறார்கள். தேநீர்க் கடைப் பெரியவர் யாரையும் தடுக்கவில்லை. காரணத்தை மட்டும் கையில் கொடுத்தார். காரணம் கையில் இருந்தால் மனிதன் தானே தன்னைத் தடுத்துக்கொள்வான். குறைந்தபட்சம், இருபது வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களாக நினைத்துப் பேசிய மரியாதையாவது அதில் இருந்தது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்துகொண்டு நடக்க ஏற்பாடு செய்தபோது, வழிகாட்டிகளாக அந்தந்தக் காட்டோரத்துக் கிராமத்தாரையும் பழங்குடி மக்களையும் பயிற்றுவித்து அமர்த்தியது. இதைப் படித்தபோது எனக்கு அந்தக் குதிரைக்காரப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். ஓடையின் நிறத்தையும் ஓசையையும் அறிந்தவர்களின் சொல்லுக்கு ஒரு விலை உண்டு என்பதைக் காலம் கடந்தாவது ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை சொல்லுகிறவனைப் பற்றியே பேசினேன். கேட்கிறவனுக்கும் ஒரு தர்மம் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. நம்மில் பலர் வழி கேட்பதில்லை, அனுமதி கேட்கிறோம். "பாதை நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டுகிறோம். எதிரே நிற்கிறவர் பாவம், முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்கமாட்டாமல் தலையை ஆட்டிவிடுகிறார். அவரைப் பொய்யராக்கியதில் நமக்கும் பாதிப் பங்கு உண்டு. உண்மையைக் கேட்க வேண்டுமானால், திரும்பிப் போகவும் மனத்தில் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

திரும்புவது என்பது நமக்கு ஏனோ தோல்வியாகவே படுகிறது. 1909 ஜனவரி 9 அன்று ஷாக்கில்டன் என்ற மாலுமி, அதுவரை மனிதன் எட்டாத தென் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று அவருடைய நெஞ்சே அவருக்குச் சொல்லியிருக்கும். உணவுக் கணக்கைப் பார்த்தார். போனால் போய்ச் சேரலாம், திரும்ப முடியாது. கூட வந்த மூவரையும் அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நால்வரும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1912 ஜனவரியில் ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் துருவத்தை எட்டினார்கள். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டார்கள். ஸ்காட்டின் துணிவைக் குறைத்துப் பேச நான் யார்? ஆனால் ஷாக்கில்டன் திரும்பி நடந்த முதல் அடிக்கும் அதே அளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

வயதானவர்கள் எல்லாரும் ஒருவகையில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள்தாம். ஏறுகிற பிள்ளைகள் வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள். "இந்த வேலைக்குப் போகலாமா?" "இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமா?" "எழுத்தை நம்பிப் பிழைக்கலாமா, சார்?" இந்தக் கடைசிக் கேள்வி என்னிடம் மாதம் தவறாமல் வருகிறது. "எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவது சுலபம். நல்லவர் என்ற பெயரும் கிடைக்கும். "நான் இந்தப் பக்கமாக, இந்தக் காலத்தில் வந்தேன். இன்ன இடத்தில் வழுக்கியது. அது ரொம்ப நாளைக்கு முன்னால். இப்போது எப்படியோ தெரியாது. கிழக்கே ஒரு வழி பிரிகிறது, அதில் நான் வரவில்லை" என்று சொல்லுவது கடினம். கேட்ட பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடும். 'கிழவர் வீணாகப் பயமுறுத்திவிட்டார்' என்று பின்னால் பழியும் வரலாம். அந்தப் பழியை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவன் உண்மை சொல்ல முன்வரக் கூடாது.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பையன் வருத்தப்பட்டபோது நான் அவனோடு வாதாடவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "மறுபடி வந்து அந்தப் பாதையில் ஏறுவதானால் யாரிடம் வழி கேட்பாய்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அந்தத் தாத்தாவைத்தான் சார்" என்றான்.